சாவா மூவாப் பேராடு: சரித்திர மாயக் கதை கட்டும் முறை

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் ‘சாவா மூவாப் பேராடு’. கோயிலில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டுமென்று ஒருவர் 96 ஆடுகளைக் கொடுப்பார். அவற்றை ஏற்றுக்கொண்ட மன்றாடி, அதாவது இடையர், நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்துவர வேண்டும். ஆடு நோயில் சாகும், கிழடு தட்டும். ஆனால் கணக்கில் 96 குறையக் கூடாது. பிறக்கும் குட்டிகளைக் கொண்டு ஈடுகட்டுவது அவர் பொறுப்பு. ஆகவே அந்த ஆடுகள் சாவதில்லை, மூப்படைவதும் இல்லை என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

கோயில் கணக்கர் எழுதிய ஒப்பந்த வாசகம் அது. ஆனால் ஒரு குழந்தை கேட்டால் உடனே திருப்பிக் கேட்கும்: “நிஜமாவே சாகாதா?”

அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்லத் துணிந்தால் ஒரு சரித்திர மாயக் கதை கையில் இருக்கிறது. மாயம், சாகசம், பழங்காலம் மூன்றும் சேர்ந்த கதைகள் இவ்வளவு ஆசையோடு படிக்கப்படுவதற்குக் காரணம், வாசகர் பொய்யை விரும்புவது அல்ல. 96 என்ற எண்ணும் உழக்கு என்ற அளவும் நிஜமாக இருப்பதால்தான் சாகாத ஆடு என்ற ஒரே ஒரு பொய் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. சுற்றியுள்ள தரை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு உயரம் தாவலாம். இந்த ஆட்டுக் கதையையே எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கதையைக் கட்டும் வழியைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் வேலை: ஆண்டைக் குறி

‘முன்னொரு காலத்தில்’ என்று தொடங்கினால் எழுதுபவருக்குச் சுலபம், கதைக்கு நட்டம். ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்வெட்டில் ‘யாண்டு 25’ என்றிருந்தால் அது அந்த அரசர் ஆட்சிக்கு வந்ததிலிருந்து எண்ணிய 25ஆவது ஆண்டு. முதலாம் இராஜராஜன் பட்டமேற்றது 985. அதோடு 24ஐக் கூட்டினால் 1009–1010. கூட்ட வேண்டியது யாண்டு எண்ணில் ஒன்று குறைவு. இதை மறந்தால் கதை முழுதும் ஓராண்டு தள்ளிப்போகும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடத்தை அரசர் கொடுத்தது இந்த 25ஆம் ஆண்டின் 275ஆம் நாள். ஆகவே கதை 1010இல் நடந்தால், ஊர் முழுக்கக் கல்தச்சர் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். 985இல் நடந்தால் அந்த விமானமே இல்லை. தொடுவானத்தில் அதைக் காட்டக் கூடாது. இன்று அந்தக் கோயிலில் இருக்கும் பெரிய நந்தியும், ஊருக்குள் இருக்கும் அரண்மனையும் நாயக்கர் காலம் தொட்டு வந்தவை. இன்றைய தஞ்சாவூரைப் புகைப்படமெடுத்து அதையே சோழர் தஞ்சாவூராக எழுதுவதுதான் இந்த வகைக் கதைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. பழையதாகத் தெரிவதெல்லாம் ஒரே வயது அல்ல.

ஆண்டு முடிவானதும் நாயகனைத் தேடுங்கள். இளவரசர்களை விட்டுவிடுங்கள், அவர்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று, அவர்கள் இறந்த நாள்கூட வாசகருக்குத் தெரியும். பெரிய கோயிலின் சுவர்களில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிப் பணிசெய்த பெண்களின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த தெரு, வீட்டு வரிசையோடு வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்களோடு குடை பிடிப்போர், விளக்கு ஏற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், தையான் என்று ஒரு ஊரே அந்தக் கல்லில் சம்பளப் பட்டியலாக நிற்கிறது. தளிச்சேரிப் பெண் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்தச் சாசனங்கள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சில் கிடைக்கின்றன. விளக்கு ஏற்றும் ஒரு பையனை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். நெய்யைத் தினமும் கையில் வாங்குபவன் அவன். ஆட்டு மந்தையில் ஏதோ சரியில்லை என்பது முதலில் அவனுக்குத்தான் தெரியும்.

அளவுகளைப் போட்டுப் பார்

நான்கு உழக்கு ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அப்படியானால் நாளுக்கு ஓர் உழக்கு என்பது ஆண்டுக்கு 91¼ நாழி. கலத்துக்கு 96 நாழி என்பதால், ஏறக்குறைய ஒரு கலம் நெய். ஒரு விளக்குக்கு. இந்தக் கணக்கைப் போட்டவுடன் கதை தானாக நகரத் தொடங்குகிறது. ஆடு குட்டி போட்டுச் சில மாதங்கள்தான் பால் தரும். மந்தையில் எப்போதும் சில ஆடுகள் கறவையில் இருந்தால்தான் ஆண்டு முழுவதும் நெய் வரும். அப்படியிருக்க, மூப்பே அடையாத ஆடு குட்டி போடுமா? போடாவிட்டால் பால் ஏது? போட்டால் அந்தக் குட்டிகளும் சாகாவரம் பெற்றவையா? பெற்றவை என்றால் பத்தாண்டில் சோழநாட்டில் புல் மிஞ்சாது.

மாயத்தை இப்படி மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பது அதைக் கொல்லாது, வளர்க்கும். ஒரு முடிவு எடுப்போம்: 96 ஆடுகள் மட்டும் சாகா. அவற்றின் குட்டிகள் சாதாரணக் குட்டிகள். வளரும், விற்கப்படும், சாகும். மன்றாடிக்கு அதனால் செல்வம் சேரும். பக்கத்துக் கிடைக்காரருக்குப் பொறாமை வரும். ஒரு காது கிழிந்த ஆட்டைப் பாட்டி தன் சிறுவயதில் பார்த்ததாகச் சொல்வாள்; அதே ஆடு இன்று காலையும் மேய்ந்துகொண்டிருக்கும்.

மாயத்துக்கு ஒரே விதி, ஒரே விலை

இந்த வேலைக்குச் சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களைப் படிப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வெள்ளிடை மன்றத்தில் பெயர் எழுதிய பொதிகள் காவலின்றிக் கிடக்கும்; யாராவது திருடினால் அந்தச் சுமையைத் தலையிலிருந்து இறக்க விடாமல் சுற்றிச் சுற்றி வரச் செய்யும். இலஞ்சி மன்றத்தில் ஒரு பொய்கை. கூனர், குறளர், ஊமர், செவிடர், தொழுநோயர் மூழ்கி எழுந்தால் குறை நீங்கும். நெடுங்கல் மன்றத்தில் நிற்கும் கல், நஞ்சுண்டவரையும் பித்தரையும் பாம்பு கடித்தவரையும் பேய் பிடித்தவரையும் தேற்றும். பூத சதுக்கத்துப் பூதம் பொய்த்தவம் செய்பவரையும் பொய்ச்சாட்சி சொல்பவரையும் நான்கு காதம் கேட்கும்படி அதட்டிப் பிடித்து உண்ணும். ஐந்தாவதான பாவை மன்றத்தில் ஒரு சிலை. அரசன் முறை தவறினால் அது பேசாது, கண்ணீர் மட்டும் விடும்.

ஐந்திலும் என்ன கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. பாம்புக் கடியைப் பொய்கை தீர்க்காது. திருடனைப் பாவை பிடிக்காது. அழும் பாவைக்கு வாய் திறந்து பேசும் வல்லமையையும் கொடுத்திருந்தால் அது வெறும் ஒற்றன் ஆகியிருக்கும். பேச முடியாததால்தான் அந்தக் கண்ணீரைப் பார்த்து ஊர் நடுங்குகிறது.

விலைக்கு மணிமேகலையைப் பாருங்கள். அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: வேற்றுருக் கொள்ள, வானில் செல்ல, பசியைத் தாங்க. தன்னை விரும்பித் தொடரும் அரசகுமாரன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையைத் தேடி வந்த அவள் கணவன், தன் மனைவிதான் அரசகுமாரனோடு பழகுகிறாள் என்று எண்ணி அவனை வெட்டிக் கொன்றுவிடுகிறான். மந்திரம் பிழையின்றி வேலை செய்தது. அதனாலேயே ஓர் உயிர் போனது. மந்திரம் பலிக்காமல் போவதால் வரும் சிக்கல் மலிவானது. பலித்ததால் வரும் சிக்கலே கதையைத் தாங்கும்.

நம் ஆட்டுக் கதைக்கும் அப்படி ஒரு விலை வேண்டும். ஆடுகள் சாகவில்லை என்றால் அந்தச் சாவு எங்கே போகிறது? ஆடு ஒன்று சாக வேண்டிய நாளில் மன்றாடி குடும்பத்தில் ஏதாவது ஒன்று பட்டுப்போகிறது என்று வைப்போம். முதலில் முற்றத்துப் பூசணி, பிறகு வேம்பு, பிறகு வளர்ப்பு நாய். வரிசை மனிதரை நோக்கி ஏறுகிறது. விளக்கை அணைத்தால் ஒப்பந்தம் முறியும், குடும்பம் பிழைக்கும். ஆனால் நந்தா விளக்கை அணைப்பது அந்தப் பையன் கனவிலும் நினைக்கக் கூடாத செயல். இப்போது வில்லன்கூடத் தேவையில்லை.

விதியையும் விலையையும் கதையின் முதல் கால்பகுதிக்குள் வாசகருக்குக் காட்டிவிடுங்கள். விளக்கிச் சொல்லாமல், ஒருமுறை நடக்கவிட்டுக் காட்டினால் போதும். கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு குளிகையோ அஞ்சனமோ வந்து காப்பாற்றினால் அதுவரை படித்தவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார், நியாயமாகவே.

தட்டில் மிளகாய், வழியில் கருவேலம்

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. அதற்குப் பிறகுதான் போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் இங்கே வந்தன. ஆகவே 1010இல் மிளகாய் கிடையாது; உறைப்புக்கு மிளகும் திப்பிலியும் இஞ்சியும். தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி, மரவள்ளி, மக்காச்சோளம், புகையிலை எதுவும் இல்லை. பூசணி என்று எழுதும்போது சாம்பல் பூசணியை மனத்தில் வையுங்கள்; சிவந்த பரங்கி பின்னால் வந்தது. காப்பியும் தேநீரும் பேச்சுக்கே இடமில்லை. இராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் அமுதுபடிக்கு, அதாவது இறைவனுக்குப் படைக்கும் உணவுக்கு வரும் பொருள்கள் அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை, பொரிக்கறி, புளிங்கறி, வெற்றிலை, பாக்கு. கதைமாந்தருக்கு இவற்றால் ஒரு நல்ல சாப்பாடே போடலாம்.

மரங்களில் தப்பு இன்னும் எளிதாக நுழையும், ஏனென்றால் கண்ணுக்குப் பழகிவிட்டன. சீமைக் கருவேலம், சப்பாத்திக் கள்ளி, தூங்குமூஞ்சி, காகிதப்பூ எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கடற்கரைச் சவுக்குத் தோப்புகளும் பிற்காலத்தில் நட்டவை. ஒற்றன் ஒளிய வேண்டுமானால் புன்னை, இலுப்பை, பனை, தாழம்புதர், நாட்டுக் கருவேலம் இருக்கின்றன. பெயரில் ‘சீமை’ என்று தொடங்கும் எதையும் சோழர் கதையில் நட வேண்டாம்.

சொற்களிலும் இதே கதைதான். ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி ஆகியவை போர்ச்சுகீசியரோடு வந்த சொற்கள். கைதி, சவாரி, தயார், உஷார் போன்றவை அரபு, பாரசீக வழி வந்தவை. பாத்திரங்களின் பேச்சில் சாளரம், திறவுகோல், சிறைப்பட்டவன் என்று எழுதினால் காலம் தானாக வந்து உட்காரும். அதற்காக எல்லாரையும் செய்யுள் பேசவிட வேண்டியதில்லை. விளக்கேற்றும் பையன் மன்றாடியை ‘பெரியப்பா’ என்று கூப்பிடலாம், ‘வாங்க’ என்று சொல்லாமல் ‘வாருங்கள்’ என்று சொன்னால் போதும். வாக்கியம் குட்டையாக இருக்கட்டும். செந்தமிழும் வடமொழியும் கலந்த நீண்ட வசனம் மேடைக்கு நன்றாக இருக்கும், பக்கத்தில் மூச்சு முட்டும்.

வழியும் இரவும்

சாகசம் என்பது பெரும்பாலும் தூரமும் இருட்டும்தான். இரண்டையும் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் பரபரப்பு தானாக வரும்.

நடப்பவர் ஒருநாளில் 25 முதல் 30 கி.மீ. போவார். மாட்டுவண்டி 20 முதல் 25. படை அதைவிட மெதுவாக, 15 முதல் 20. மேய்த்துக்கொண்டே ஓட்டும் ஆட்டுமந்தை 10 முதல் 15. குதிரை நாள் முழுதும் பாயாது. முழுப் பாய்ச்சலில் சில கி.மீ. தாங்கும், பிறகு நடையும் ஓட்டமுமாக ஒருநாளில் 50, 60 கி.மீ. அதற்குத் தினம் 30 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும், தீனியும், நிழலும் வேண்டும். குதிரைகள் கடல் வழியே வந்த விலை உயர்ந்த பொருள் என்பதால், ஒரு சாதாரண ஆள் குதிரையில் வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஒளிந்து போக வேண்டியவனைக் குதிரையில் ஏற்றாதீர்கள். காதக் கணக்கு இடத்துக்கு இடம் மாறியதால், தூரத்தை ‘இரண்டு நாள் நடை’ என்று சொல்வதே பாதுகாப்பு.

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 80 கி.மீ. மந்தையைத் திருடிக் கப்பலேற்ற நினைப்பவர்களுக்கு ஆறு, ஏழு நாள் ஆகும். நடந்து துரத்தும் பையனுக்கு மூன்று நாள். ஆகவே அவன் மூன்று நாள் பின்தங்கினாலும் கதை கெடாது. நாகையில் கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் அப்போது இருந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராஜராஜன் கொடுத்திருக்கிறார். சாகாத ஆட்டைக் கடல்தாண்டி விலைபேசக் கூடிய வணிகர் அந்தத் துறைமுகத்தில் இருப்பது இயல்பு.

மாதத்தையும் குறியுங்கள். சித்திரை, வைகாசியில் காவிரிக் கிளைகளில் மணல்தான். மந்தை நேரே கடந்துபோகும். ஆடியில் குடகுமலை மழையால் புதுவெள்ளம், பரிசல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை; வாய்க்கால் வரப்பெல்லாம் சேறு, தடம் தெளிவாகப் பதியும், கடலில் புயல். கிழக்கே மலாய்க் கரையிலுள்ள கடாரம் நோக்கிப் பாய்விரிக்கத் தென்மேற்குக் காற்று உதவும், திரும்பி வர வடகிழக்குக் காற்று. ஐப்பசியில் ஒரு கப்பலைக் கிழக்கே அனுப்பினால் கடல் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இரவுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு ஜாமம். சூரியன் மறைந்ததிலிருந்து நள்ளிரவு வரை ஏறக்குறைய 15 நாழிகை. பௌர்ணமியன்று நிலா சூரியன் மறையும்போது எழும். பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 2 நாழிகை தாமதமாக எழும். தேய்பிறை அட்டமிக்கு நள்ளிரவில்தான் வரும். மந்தைத் திருட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இரவு இல்லை: முதல் 15 நாழிகை கும்மிருட்டு, கிடையை அவிழ்த்து ஓட்டிவிடலாம், நிலா எழுந்ததும் ஈரமண்ணில் 96 ஆடுகளின் குளம்படி பையன் கண்ணில் படும். அமாவாசை இரவில் நிலவொளியில் வாள் மின்னியதாக எழுதியவர்கள் உண்டு. அத்தியாயம் ஒவ்வொன்றின் தலையிலும் திதியை எழுதிவைத்துக்கொண்டால் இந்த விபத்து நேராது.

தீவட்டி பிடித்தவன் தன்னைச் சுற்றிச் சில அடிதான் பார்ப்பான், தானோ வெகுதூரத்துக்குத் தெரிவான். எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் அது எரியும். துரத்துபவரிடம் தீவட்டி, தப்புபவரிடம் இருட்டு என்றால் பலம் தப்புபவர் பக்கம். தேர்ந்தவர் மோதினால் வாட்சண்டை சீக்கிரம் முடிந்துபோகும். நான்கு பக்கம் நீட்டாமல் ஒரு பத்தியில் முடியுங்கள், காயத்தின் விளைவை அடுத்த நான்கு பக்கத்துக்கு வைத்திருங்கள்.

ஓலை என்னும் பொறி

சரித்திரக் கதையில் இரகசிய ஓலை இல்லாமல் இருக்காது. ஆனால் அதைக் காகிதக் கடிதம் போலவே பயன்படுத்திவிடுகிறார்கள். பனையோலையில் எழுத்தாணியால் கீறுவதுதான் எழுத்து. தவறினால் அழித்து எழுத முடியாது. மையோ விளக்குக்கரியோ தடவினால்தான் பளிச்சென்று தெரியும். தடவாத ஓலை வெற்றோலை போலவே இருக்கும். இதுவே ஓர் ஒளிவிடம்.

இன்னும் அருமையான விஷயம் புள்ளி. அந்தக் காலக் கல்லிலும் ஓலையிலும் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஓலை ஓட்டை விழுந்துவிடும். எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படவில்லை. இன்று நாம் எழுதும் முறை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் வந்தது. ‘கொடை’யும் ‘கோடை’யும் ஓலையில் ஒரே மாதிரி இருக்கும். ‘கோடைக்கு விளக்கு நிற்கட்டும்’ என்று எழுதியதை ‘கொடைக்கு விளக்கு நிற்கட்டும்’ என்று படித்துவிடலாம். ஒன்று, கோடை வரும்போது விளக்கு அணையட்டும் என்ற கட்டளை. இன்னொன்று, கொடையாக விளக்கு நிலைக்கட்டும் என்ற வாழ்த்து. நிற்பது என்ற சொல்லும் ஓய்வது, நிலைப்பது இரண்டையும் குறிக்கும். பையன் கையில் அந்த ஓலை கிடைக்கிறது; முடிவு அவனுடையது. வேற்றுமொழி எதிலும் இந்தக் கண்ணியை இப்படியே வைக்க முடியாது.

எழுதி முடித்தபின்

தொடராக வெளியிடுவதானால் அத்தியாயத்துக்கு 1000 முதல் 1200 சொல் போதும். ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் கதவு தட்டப்படுவதைவிட, பாத்திரம் திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை எடுப்பது வலுவானது. தட்டும் கதவுக்குப் பின்னால் பூனை நின்றால் வாசகர் அடுத்தமுறை நம்பமாட்டார். பையன் உழக்கைக் கவிழ்த்து நெய்யைத் தரையில் ஊற்றிவிட்டான் என்றால் அடுத்த வாரம் வரை தூங்கமாட்டார்.

முதல் வரைவை நான்கு முறை படியுங்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தேடி. முதல்முறை நிலா. இரண்டாம் முறை சாப்பாடும் செடிகொடியும். மூன்றாம் முறை தூரமும் நாளும். நான்காம் முறை மாயம்: ஆடுகள் ஓர் இடத்திலாவது தங்கள் விதியை மீறி ஏதேனும் செய்திருந்தால், விதியைத் திருத்தாமல் அந்தக் காட்சியை வெட்டுங்கள். தேடிச் சேர்த்த தகவல்களில் பாதிக்கு மேல் பக்கத்தில் வராது. நாழி உழக்குக் கணக்கை வாசகருக்குப் பாடமாக நடத்த வேண்டாம். பையன் உழக்கைச் சாய்த்துப் பார்த்து, இன்றைக்கு ஒரு விரற்கடை குறைகிறதே என்று நெற்றியைச் சுருக்கினால் போதும். மன்றாடி வீட்டு முற்றத்தில் அன்று காலை வேம்பு பட்டுப்போயிருக்கும்.